காரேஜ், சைக்கடெலிக், பங்க்: அலமாரியில் கிடக்கும் இசைத்தட்டுகளை மீண்டும் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

இசைத்தட்டுகளை ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வந்தவர்களின் அலமாரியில் பல நூறு தட்டுகள் இருக்கும். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை முப்பதோ நாற்பதோதான். மற்றவை வாங்கிய வாரத்தில் ஒரு முறை ஓடியதோடு சரி. 1960-களின் இளைஞர் குழுக்கள் முரட்டுத்தனமாக வாசித்த காரேஜ் ராக், மனமயக்கம் தரும் ஒலிகளைத் தேடிய சைக்கடெலிக், எளிமையும் வேகமும் கோபமும் கொண்ட பங்க் ஆகிய மூன்று ராக் வகைகளுக்கும் இந்தக் கதி மற்ற எதையும்விட அதிகமாக நேர்கிறது. இவற்றில் பெரும்பகுதி பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட, இரண்டு அல்லது மூன்று நிமிடச் சிங்கிள்களாக, வானொலியில் வேறு பாடல்களுக்கு நடுவே தனித்து ஒலிப்பதற்காகப் பதிவு செய்யப்பட்டது. நாமோ அதைத் தொகுப்பு எல்.பி.களாகவும் சி.டி.களாகவும் வாங்கி, இருபது பாடல்களை ஒரே மூச்சில் கேட்டு, எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்து, மீண்டும் அலமாரியில் செருகிவிடுகிறோம்.

இந்த மூன்றையும் தனித்தனி அடுக்குகளில் வைப்பதும் அதே அளவுக்குத் தடையாகிறது. 1972-இல் எலெக்ட்ரா நிறுவனம் 'நக்கெட்ஸ்' என்ற இரட்டை எல்.பி.யை வெளியிட்டது. 1965 முதல் 1968 வரை வந்த 27 பாடல்களை லென்னி கே அதில் தொகுத்திருந்தார். 'முதல் சைக்கடெலிக் யுகம்' என்பது அதன் துணைத்தலைப்பு. உள்ளே இருந்தவை பெரும்பாலும் நாம் இன்று காரேஜ் என்று அழைப்பவை. அவற்றைப் பற்றி எழுதிய குறிப்பில் லென்னி கே பயன்படுத்திய சொல் 'பங்க் ராக்'. அடுத்த சில ஆண்டுகளில் அவரே பாடகி பட்டி ஸ்மித்தின் கிட்டார் கலைஞராக நியூயார்க் பங்கின் தொடக்கத்தில் நின்றார். ஆகவே இந்த வழிகாட்டி வகைப் பெயர்களை ஒதுக்கிவிட்டு, ஆண்டு, ஊர் ஆகிய இரண்டை மட்டும் கொண்டு தொகுப்பை மீண்டும் கேட்கும் முறையைச் சொல்கிறது.

முதல் படி: அலமாரியிலிருந்து வெளியே எடுத்தல்

தட்டின் முதுகில் அச்சான பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, பின்னட்டையில் உள்ள பாடல் பட்டியலையும் ஆண்டையும் படியுங்கள். வெளிப்படையாகத் தெரியும் சோனிக்ஸ், சீட்ஸ், ரமோன்ஸ் போன்ற குழுக்களின் தட்டுகளோடு, வேறு அடுக்கில் உறங்கும் உறவினர்களையும் இழுத்து வாருங்கள். 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம்முடைய சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஒலிபெருக்கிக் காகிதத்தைப் பிளேடால் கிழித்து உண்டாக்கிய கரகரப்பு, அமெரிக்காவின் எத்தனையோ பள்ளிக்கூடச் சிறுவர்களைக் கிட்டார் வாங்க வைத்தது. அந்தக் குழுவின் தட்டு 'பிரிட்டிஷ் பாப்' அடுக்கில் இருந்தால் இங்கே வர வேண்டும். பீட்டில்ஸின் 1966 'ரிவால்வர்', யார்ட்பேர்ட்ஸ், தொடக்க கால ரோலிங் ஸ்டோன்ஸ் ஆகியவையும் அப்படியே. சி.டி., கேசட், பரிசாக வந்த தொகுப்பு என எதையும் விலக்க வேண்டாம்.

இந்தியாவில் வாங்கிய பழைய தட்டுகள் உங்களிடம் இருந்தால் அவற்றைத் தனியாகக் கவனியுங்கள். கிராமபோன் கம்பெனி கல்கத்தாவின் டம்டம் ஆலையில் பிரிட்டிஷ் தட்டுகளை அச்சிட்டு விற்றது. 60-களின் நடுப்பகுதி வரை பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78 சுழற்சித் தட்டுகளாக வந்தன. மேற்கு நாடுகளில் அந்த வடிவம் அதற்குள் வழக்கொழிந்துவிட்டதால், சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

இரண்டாம் படி: சுத்தம் செய்தல்

கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் முதலில் கெடுவது அட்டை உறைதான். அதில் பிடித்த பூசணம் பிறகு தட்டுக்கு இறங்கும். பூசணம் பிடித்த உறையையும் தட்டையும் பிரித்து, உறையை நிழலில் காற்றாட வைத்து, உலர்ந்த தூரிகையால் வீட்டுக்கு வெளியே துடையுங்கள். உள்ளுறை பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் வேதிப்பொருள் ஆண்டுக்கணக்கில் தட்டின் மேல் படிந்து ஒரு மங்கலான படலத்தையும் தீராத இரைச்சலையும் விட்டுச் செல்லும். பாலித்தீன் உறை அப்படிச் செய்வதில்லை.

தூசிக்குக் கார்பன் இழைத் தூரிகை போதும். அழுக்குக்குக் காய்ச்சி வடித்த நீரில் மணமற்ற பாத்திரம் கழுவும் திரவத்தை ஓரிரு துளி கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளங்களின் வட்டப்போக்கிலேயே துடைத்து, பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் மீண்டும் துடைத்து, நிமிர்த்தி வைத்து உலர விட வேண்டும். நடுவிலுள்ள லேபிள் தாள் நனையக் கூடாது. 78 சுழற்சித் தட்டுகளின் மேல் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படவே கூடாது, ஏனெனில் அவற்றின் அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். 60-களின் அமெரிக்கச் சிங்கிள்களில் பல வினைலால் அல்லாமல் ஸ்டைரீன் என்ற கடினமான பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை வினைலைவிட விரைவாகத் தேயும் என்பதால், அவற்றைக் கையால் பின்னோக்கிச் சுழற்றுவதையும் தேய்ந்த முள்ளால் ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

சி.டி.க்களுக்கு அழிவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பி.டி.ஓ. ஆலையில் 1988 முதல் 1993 வரை தயாரான தட்டுகளில் ஒரு பகுதி, வெள்ளிப் பூச்சு வெண்கல நிறத்துக்கு மாறி, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கெட்டு வருகிறது. காரேஜ் மறுவெளியீடுகள் பெருகிய காலமும் ஏறத்தாழ அதுவே. நடுவளையத்தில் 'மேட் இன் யு.கே. பை பி.டி.ஓ.' என்ற எழுத்தும் ஓரத்தில் பழுப்பு நிறமும் தெரிந்தால், கேட்பதற்கு முன்பே கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று அறிதல்

விலை பார்ப்பது இந்தப் படியின் நோக்கமன்று. ஒரே பெயரில் வெவ்வேறு ஒலி கொண்ட பதிப்புகள் இந்த இசையில் ஏராளம். நீங்கள் ஒரு தட்டை ஒதுக்கியதற்கு இசை காரணமாக இல்லாமல் பதிப்பு காரணமாக இருந்திருக்கலாம். பாடல்கள் முடிந்த பிறகு லேபிள் தாள் வரை இருக்கும் வெற்று வளையத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணும் எழுத்தும்தான் அந்தத் தட்டின் பிறப்புச் சான்று. அதை இசைத்தட்டுகளின் இணையப் பட்டியலான டிஸ்காக்ஸ் தளத்தில் தேடினால் நாடு, ஆண்டு, ஆலை ஆகியவை பெரும்பாலும் கிடைத்துவிடும். பிரிட்டிஷ் தட்டுகளில் 'ஏ போர்க்கி பிரைம் கட்' என்ற பொறிப்பைக் கண்டால், அச்சுக்கான மூலத்தட்டை வெட்டியவர் ஜார்ஜ் பெக்கம் என்று பொருள். அந்தப் பெயர் இருந்தால் நான் விலையைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை.

சில எடுத்துக்காட்டுகள் இதன் தேவையை விளக்கும். 1967 ஆகஸ்டில் வந்த பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பம் மோனோவிலும் ஸ்டீரியோவிலும் வெவ்வேறாகக் கலவை செய்யப்பட்டது. அமெரிக்காவில் டவர் லேபிள் (அதாவது இசைத்தட்டு நிறுவனம்) வெளியிட்ட பதிப்பிலோ 'அஸ்ட்ரானமி டோமினி' உள்ளிட்ட மூன்று பாடல்கள் நீக்கப்பட்டு, 'சீ எமிலி பிளே' என்ற சிங்கிள் முதல் பாடலாக வைக்கப்பட்டது. அந்தப் பதிப்பை மட்டும் கேட்டவர் அந்த ஆல்பத்தை இன்னும் கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்டூஜஸின் 1973 'ரா பவர்' டேவிட் போவி கலவை செய்த மெலிந்த ஒலியோடு வந்தது. 1997-இல் அந்தக் குழுவின் பாடகர் இக்கி பாப் தாமே மறுபடி கலவை செய்து, காது கிழியும் அளவுக்கு ஒலியை உயர்த்தினார். செக்ஸ் பிஸ்டல்ஸின் 1977 ஆல்பத்தின் தொடக்கப் பிரதிகள் சிலவற்றில் 11 பாடல்களே இருந்தன. 'சப்மிஷன்' என்ற பாடல் ஒரு பக்கம் மட்டும் கொண்ட தனிச் சிங்கிளாக உள்ளே செருகப்பட்டிருந்தது. உறைக்குள் அது இன்னும் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: கருவியைத் தயார் செய்தல்

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சரியாகப் பொருத்திய சாதாரணக் கருவி போதும். முள் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடிய முள்ளைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. முள்ளின் அழுத்தத்தை அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள்; முள்ளைத் தாங்கும் பாகமான கார்ட்ரிட்ஜ்களில் இன்று பரவலாகக் கிடைப்பவை பல 2 கிராம் அளவில் ஓடுபவை, இதை அளக்கும் சிறு எடைக்கருவி மலிவாகவே கிடைக்கிறது.

உங்கள் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால், 60-களின் மோனோ சிங்கிள்களுக்கு அதை அழுத்தாமல் விடாதீர்கள். மோனோ தட்டில் இசை முழுவதும் பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பது தூசியும் கீறலும் தரும் இரைச்சலே. இரண்டு தடங்களையும் ஒன்றாக்கும்போது அந்த இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஓட்டவே முடியாது என்று ஒதுக்கப்பட்ட பல சிங்கிள்கள் இந்த ஒரு பொத்தானால் பிழைத்திருக்கின்றன.

ஐந்தாம் படி: ஆண்டு, ஊர் வரிசையில் அடுக்குதல்

இதுவே இந்த முறையின் மையம். தட்டுகளைக் குழுக்களின் ஊர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு ஊருக்குள்ளும் ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். தொகுப்பு எல்.பி.களை உடைக்க முடியாது என்பதால், அவற்றின் ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு சிறு சீட்டு எழுதி உரிய இடத்தில் செருகுங்கள். கொஞ்சம் பொறுமை தேவைப்படும் வேலைதான். ஆனால் சீட்டு எழுதும்போதே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

அமெரிக்காவின் வடமேற்கில் தொடங்குவது நல்லது. போர்ட்லண்ட், டகோமா ஆகிய ஊர்களின் குழுக்கள் நடன அரங்குகளில் வாசித்துப் பழகியவை. ரிதம் அண்ட் புளூஸ் பாடல்களைச் சாக்ஸஃபோனோடு உரக்க வாசிப்பது அவர்களுடைய வழக்கம். டகோமாவின் சோனிக்ஸ் 1965-இல் எடிகெட் லேபிளில் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே மைக் வைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். கேட்கும்போது அது நம்பக்கூடியதாகவே இருக்கிறது. அங்கிருந்து டெக்சாஸின் ஆஸ்டினுக்குப் போங்கள். தர்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் 1966-இல் வெளியிட்ட முதல் ஆல்பம், 'சைக்கடெலிக்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே தாங்கி வந்த முதல் சில ராக் ஆல்பங்களில் ஒன்று. அதில் இடைவிடாமல் கேட்கும் குமிழிச் சத்தம் மின்னணுக் கருவி எதிலிருந்தும் வரவில்லை. டாமி ஹால் ஒரு ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக் குரலால் எழுப்பியது அது. பக்கத்தில் ராக்கி எரிக்சன் கத்துவது முழுக்கவும் காரேஜ். ஒரே பாடலில் இரண்டு வகைகளும் பிரிக்க முடியாமல் கிடப்பதை இங்கே முதன்முறையாகத் தெளிவாகக் கேட்கலாம்.

டெட்ராய்ட் வட்டாரத்துக்கு வந்தால் அடுத்த இணைப்பு கிடைக்கும். மிச்சிகனின் கொஸ்சன் மார்க் அண்ட் தி மிஸ்டீரியன்ஸ், மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுடைய '96 டியர்ஸ்' 1966-இல் அமெரிக்க இசை விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே மாநிலத்தின் எம்.சி.5, ஸ்டூஜஸ் இரண்டும் 1969-இல் எலெக்ட்ராவில் முதல் ஆல்பங்களை வெளியிட்டன. ஸ்டூஜஸின் அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் நியூயார்க் குழுவான வெல்வெட் அண்டர்கிரவுண்டிலிருந்து வெளியேறிய ஜான் கேல். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பட்டி ஸ்மித்தின் 'ஹார்சஸ்' ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே. லவ், ஸ்டூஜஸ், நக்கெட்ஸ் என எலெக்ட்ரா லேபிள் தட்டுகளை மட்டும் ஒரு மாலையில் வரிசையாகக் கேட்டால், எந்த வரலாற்று நூலும் இன்றி 1966 முதல் 1972 வரை நடந்து வந்துவிடலாம்.

1976-க்கு மூன்று ஊர்கள். நியூயார்க்கில் ரமோன்ஸ் 14 பாடல்களை 29 நிமிடத்தில் அடக்கிய முதல் ஆல்பத்தை ஏப்ரலில் வெளியிட்டனர். அதன் பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர்தான். அதில் கிட்டார் ஒரு பக்க ஒலிபெருக்கியிலும் பாஸ் மறுபக்கத்திலும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. பேலன்ஸ் குமிழை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, பிறகு மறுபக்கம் திருப்பிக் கேளுங்கள்; அந்த ஆல்பம் எவ்வளவு கவனமாகக் கட்டப்பட்டது என்பது அப்போதுதான் தெரியும். செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் செயின்ட்ஸ் தங்கள் சொந்த லேபிளில் முதல் சிங்கிளை வெளியிட்டனர். லண்டனின் டேம்ண்ட் அதற்கு அடுத்த மாதம், ஸ்டிஃப் லேபிளில். லண்டன் முதலில் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் சீட்டுகளை வரிசைப்படுத்தும்போது வியப்படைவார்கள்.

மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் 1977 ஜனவரியில் கடன் வாங்கிய பணத்தில் தாங்களே 1,000 பிரதிகள் அச்சிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' உங்களிடம் எந்தப் பதிப்பில் இருந்தாலும் உறையைப் படியுங்கள். ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, எத்தனை முறை மேற்பதிவு செய்யப்பட்டது என்பதை அவர்கள் அச்சிட்டிருக்கிறார்கள். தட்டு வெளியிடுவதில் மறைபொருள் ஒன்றுமில்லை என்று மற்ற இளைஞர்களுக்குக் காட்டியதில் பாடல்களுக்கு உள்ள பங்கு அந்த உறைக்கும் உண்டு.

ஆறாம் படி: ஒரு பாடலின் பின்னால் போதல்

இந்த இசையில் ஒரே பாடலைப் பலர் பாடியிருப்பது பெரும் வசதி. உங்களிடம் உள்ள எல்லாப் பதிப்புகளையும் ஆண்டு வரிசையில் அடுத்தடுத்து ஓட்டுங்கள். விட்டுப்போனவற்றை மட்டும் இணையத்தில் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

'லூயி லூயி'யைக் கருப்பினப் பாடகர் ரிச்சர்ட் பெர்ரி 1957-இல் ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் மென்மையான, கரீபியச் சாயல் கொண்ட பாடலாக வெளியிட்டார். 1963 ஏப்ரலில் போர்ட்லண்டின் கிங்ஸ்மென், பால் ரெவியர் அண்ட் தி ரெய்டர்ஸ் ஆகிய இரு குழுக்களும் ஒரே ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்தன. கிங்ஸ்மென் பதிப்பில் ஜாக் எலி பாடிய சொற்கள் யாருக்கும் விளங்கவில்லை. ஆபாசம் ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. விசாரணை நடத்தி, எந்த வேகத்தில் ஓட்டினாலும் சொற்கள் புரியவில்லை என்று கைவிரித்தது. கிட்டாரின் தனி வாசிப்பு முடிந்ததும் எலி தவறி முன்கூட்டியே பாடத் தொடங்கி நிறுத்துவதையும், அந்த இடைவெளியை டிரம்மர் சமாளிப்பதையும் கவனியுங்கள். அந்தப் பிழையைத் திருத்தாமலே வெளியிட்ட தட்டு தேசியப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அடுத்து சோனிக்ஸ், பிறகு ஸ்டூஜஸின் மேடைப் பதிவு, கடைசியாக பிளாக் ஃபிளாகின் 1981 பதிப்பு என்று வாருங்கள். பாடல் அதே பாடல்தான். கோபம் மட்டும் ஏறிக்கொண்டே வருகிறது.

'ஹே ஜோ' இன்னொரு பாதை. லாஸ் ஏஞ்சலிஸின் லீவ்ஸ் 1966-இல் பரபரப்பான வேகத்தில் பாடிய பதிப்பு நக்கெட்ஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் அதை மெதுவாக்கி, தம்முடைய முதல் சிங்கிளாக வெளியிட்டார். 1974-இல் பட்டி ஸ்மித் தம் முதல் சிங்கிளுக்கு அதே பாடலை எடுத்துக்கொண்டு, ஹென்ட்ரிக்ஸ் நியூயார்க்கில் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் பதிவு செய்தார். கிட்டார் வாசித்தவர்களில் ஒருவர் லென்னி கே. காரேஜ், சைக்கடெலிக், பங்க் மூன்றும் ஒரே பாடலின் வழியே கைமாறுவதை இதைவிடச் சுருக்கமாகக் கேட்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஏழாம் படி: ஒலியை உற்றுக் கேட்டல்

இரண்டாம் சுற்றில் பாடலை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கவனியுங்கள். முதலில், கிட்டார் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும் ஃபஸ். நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் 'கன்ட்ரி' வகைப் பாடல் பதிவொன்றில், பழுதடைந்த ஒலிக்கலப்புத் தடத்தின் வழியே வந்த கிட்டார் தும்பி இரைவதுபோல் ஒலித்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஒரு கருவியாக்க, கிப்சன் நிறுவனம் 1962-இல் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் 1965-இல் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாடலில் அதைப் பயன்படுத்திய பிறகு, உங்கள் அடுக்கில் உள்ள 1966 தட்டுகளில் ஃபஸ் இல்லாததைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தது வாக்ஸ், ஃபர்ஃபிசா போன்ற எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய ஆர்கன்களின் மெல்லிய, கூர்மையான ஓசை. மூன்றாவது ஒலிநாடா வித்தை: 1966-இல் பீட்டில்ஸ் 'ரெய்ன்' பாடலின் இறுதியில் குரலைத் தலைகீழாக ஓட்டினர், அதே ஆண்டு ஆபி ரோடு ஸ்டூடியோவின் கென் டவுன்சென்ட், பாடகர் இரண்டாம் முறை பாடாமலே குரலை இரட்டிக்கும் முறையைக் கண்டறிந்தார். 1967-க்குப் பிந்தைய தட்டுகளில் இவை எங்கெங்கே திரும்ப வருகின்றன என்று குறித்து வையுங்கள்.

இங்கே ஒரு சலுகையும் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான காரேஜ் ஆல்பங்களில் சிங்கிளாக வந்த பாடலும் இன்னும் ஒன்றிரண்டும் தவிர மற்றவை, லேபிளின் வற்புறுத்தலுக்காக ஓர் இரவில் நிரப்பப்பட்டவை. அவற்றை முழுக்கக் கேட்டே தீர வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. ஆனால் லவ் குழுவின் 'ஃபாரெவர் சேஞ்சஸ்' போன்றவற்றை முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை வரிசை மாற்றாமல்தான் கேட்க வேண்டும்.

எட்டாம் படி: பதிவு செய்தல், பிரித்தல், வைத்தல்

கேட்ட ஒவ்வொரு தட்டுக்கும் சீட்டின் பின்புறம் நிலை, பதிப்பு, மீண்டும் கேட்க வேண்டிய பாடல் ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள். கிடைக்க அரிய சிங்கிள்களைக் கணினியில் பதிவு செய்துகொள்வது நல்லது. தட்டின் மெல்லிய ஒலிக்குறியைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் வழியாக, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில், உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதவாறு பதிவு செய்து, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக வையுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியைத் தொடாமல் இருப்பது மேல். அது கீறலோடு சேர்த்து ஃபஸ் கிட்டாரின் மேல் விளிம்பையும் வழித்தெடுத்துவிடும்.

இரண்டு சுற்றுக்குப் பிறகும் சீட்டில் ஒரு பாடல்கூட எழுதத் தோன்றாத தட்டுகளை விற்கவோ கொடுக்கவோ தயங்க வேண்டாம். மீதமுள்ளவற்றைச் செங்குத்தாக, சாயாமல், வெயில் படும் சுவரை ஒட்டாமல் வையுங்கள். மழைக்காலத்தில் அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள்.

புதிதாக வாங்குவது இதற்குப் பிறகுதான். எந்தெந்த ஊர்களும் ஆண்டுகளும் வெறுமையாக இருக்கின்றன என்பதைச் சீட்டுகளே காட்டும். பெரும்பாலான சேகரிப்புகளில் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் வெளியே உள்ள இடமெல்லாம் காலியாக இருக்கும்: 1965-இல் பெருவின் லிமாவில் பதிவு செய்த லாஸ் சைக்கோஸ், 1968-இல் பிரேசிலின் ஓஸ் முடான்டஸ், 70-களின் ஜாம்பியாவில் விட்ச், அமனாஸ் முதலிய குழுக்கள். இந்தியாவுக்கு என்றால், ஒரு சிகரெட் பெயரில் நடந்த போட்டியின் விளைவாக 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த 'சிம்லா பீட்' எல்.பி.கள் இரண்டும் முதலில் வர வேண்டியவை. மதராஸிலிருந்து போய்ப் பாடிய கன்ஃப்யூஷன்ஸ் குழுவை 1970 தட்டில் கேட்கலாம். மூலப் பிரதிகளின் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால் மறுவெளியீட்டையே வாங்குங்கள்.